வேலையை விடாமல் ஆன்லைனில் படித்து ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ ஆகலாமா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு 7 மணிக்கு டியூட்டிக்குப் போனால் காலை 7 மணிக்குத்தான் வீடு. வாரத்தில் மூன்று நாள் இப்படி. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். வார்டில் பத்து வருட அனுபவம். ‘இதே டியூட்டியை இன்னும் எத்தனை வருஷம் பார்க்கிறது?’ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது. “வேலையை விட வேண்டாம். வீட்டிலிருந்தே படியுங்கள். நர்ஸ் பிராக்டிஷனர் ஆகுங்கள்!”

இதே மாதிரி விளம்பரம் வேலூரிலோ நாகர்கோவிலிலோ இருக்கும் நர்ஸின் போனுக்கும் வருகிறது. ‘நாமளும் இங்கிருந்தே படிச்சிடலாமோ?’ என்ற ஆசை அவருக்கும் வருவது இயல்புதான்.

இது உண்மையா, ஏமாற்று வேலையா? உண்மைதான். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்பைத் தொலைதூர முறையில் நடத்துகின்றன. படித்தவர்கள் வேலையிலும் இருக்கிறார்கள். ஆனால் விளம்பரம் பெரிய எழுத்தில் சொல்வது பாதியைத்தான். மீதிப் பாதி தெரியாமல் பணம் கட்டியவர்கள், படிப்பின் நடுவில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். அந்த மீதிப் பாதி என்ன என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

நர்ஸ் பிராக்டிஷனர்னா யாரு? டாக்டரா, நர்ஸா?

நர்ஸ்தான். ஆனால் கூடுதல் அதிகாரம் பெற்ற நர்ஸ். நோயாளியைப் பரிசோதிப்பது, என்ன நோய் என்று கண்டறிவது, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே போன்றவற்றுக்கு எழுதிக் கொடுப்பது, மருந்துச் சீட்டு எழுதுவது, தேவைப்பட்டால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது என எல்லாவற்றையும் இவர்கள் செய்வார்கள். காய்ச்சல், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் என்று அமெரிக்காவில் ஒரு கிளினிக்குக்குப் போனால், உங்களைப் பார்ப்பவர் டாக்டராக இல்லாமல் நர்ஸ் பிராக்டிஷனராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்த நாட்டில் இப்போது 4 லட்சத்துக்கும் அதிகமான நர்ஸ் பிராக்டிஷனர்கள் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு சுதந்திரமாக வேலை செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இவர்கள் தனியாகவே நோயாளிகளைப் பார்க்கலாம். சொந்தமாக கிளினிக் வைக்கலாம். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஒரு டாக்டருடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால்தான் மருந்து எழுத முடியும். ஆக, ஹூஸ்டனில் படித்து முடிப்பவருக்கும் அரிசோனாவில் படித்து முடிப்பவருக்கும் கையில் இருக்கும் பட்டம் ஒன்றுதான். அதிகாரம் வேறு வேறு.

இது எப்படி ஆரம்பிச்சது?

1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பொது சுகாதார நர்ஸான லொரெட்டா ஃபோர்டும், குழந்தைகள் நல மருத்துவரான ஹென்றி சில்வரும் சேர்ந்து முதல் பயிற்சியை உருவாக்கினார்கள். கிராமப்புறங்களில் குழந்தைகளைப் பார்க்க போதிய டாக்டர்கள் இல்லை. ஆனால் அனுபவமுள்ள நர்ஸ்கள் இருந்தார்கள். ‘இவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கற்றுக்கொடுத்தால் என்ன?’ என்பதுதான் யோசனை. 104 வயது வரை வாழ்ந்த லொரெட்டா ஃபோர்டு, 2025 ஜனவரியில்தான் காலமானார்.

தொலைதூர முறைக்கும் ஒரு கதை இருக்கிறது. கென்டக்கி மாநிலத்தின் மலைக் கிராமங்களில் 1925-ல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற நர்ஸ், குதிரையில் வீடு வீடாகப் போய் பிரசவம் பார்க்கும் ஒரு சேவையைத் தொடங்கினார். அந்தச் சேவையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஃபிரான்டியர் நர்சிங் பல்கலைக்கழகம். கிராமத்து நர்ஸைப் படிக்க வைக்க நகரத்துக்கு வரவழைத்தால், அவர் திரும்பி ஊருக்குப் போவாரா என்பது சந்தேகம். அதனால் 1989-ல் இந்த நிறுவனம் வேறு வழியை எடுத்தது. நர்ஸ்-மிட்வைஃப் படிப்புக்கான பாடத்தை மாணவரின் ஊருக்கே அனுப்புவது, பயிற்சியை அந்த ஊர் மருத்துவமனையிலேயே வைப்பது, சில நாள்கள் மட்டும் கல்லூரிக்கு வரச் சொல்வது.

இன்றைக்கு நர்ஸ் பிராக்டிஷனருக்கான ஆன்லைன் படிப்புகளின் அமைப்பும் ஏறக்குறைய இதுதான். பாடம் தொலைவிலிருந்து வரும். பயிற்சி உங்கள் ஊரில் நேரில் நடக்கும். இந்த இரண்டாவது பகுதியைத்தான் விளம்பரங்கள் சின்ன எழுத்தில் போடுகின்றன.

என்ன படிக்கணும்? எத்தனை வருஷம்?

முதலில் நீங்கள் ஆர்.என். எனப்படும் பதிவு பெற்ற நர்ஸாக, அமெரிக்க மாநிலம் ஒன்றின் லைசென்ஸுடன் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் பி.எஸ்சி. நர்சிங் பட்டம் கேட்பார்கள். டிப்ளமோ அளவில் படித்தவர்களுக்கு இடையில் சில பாடங்களை நிரப்பும் ‘பிரிட்ஜ்’ படிப்புகளும் உண்டு.

அதன்பிறகு இரண்டு பாதைகள். ஒன்று, எம்.எஸ்.என். எனப்படும் முதுநிலைப் பட்டம். முழுநேரமாகப் படித்தால் சுமார் 2 ஆண்டுகள், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்தால் 3 ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் ஆகும். இன்னொன்று, டி.என்.பி. எனப்படும் முனைவர் நிலைப் பட்டம். பி.எஸ்சி.க்குப் பிறகு நேரடியாகச் சேர்ந்தால் 3 முதல் 4 ஆண்டுகள் பிடிக்கும். ‘2025-க்குள் எல்லோருக்கும் டி.என்.பி. தான்’ என்று நர்ஸ் பிராக்டிஷனர் கல்வி அமைப்பு ஒன்று 2018-ல் அறிவித்தது. ஆனால் அது சட்டமாகவில்லை. எம்.எஸ்.என். படித்தாலே தேர்வு எழுதலாம், லைசென்ஸ் வாங்கலாம்.

சேரும்போதே எந்தப் பிரிவு என்று முடிவு செய்ய வேண்டும். குடும்ப நலம், வயது வந்தோர் மற்றும் முதியோர், குழந்தைகள், பச்சிளங்குழந்தைகள், பெண்கள் நலம், மனநலம் என 6 பிரிவுகள். ஒரு பிரிவில் படித்துவிட்டு இன்னொரு பிரிவு நோயாளிகளைப் பார்க்க முடியாது. மாற வேண்டுமென்றால் மறுபடியும் கூடுதல் சான்றிதழ் படிப்பு. அதனால் ‘எதுல சீட் கிடைக்குதோ அதுல சேரலாம்’ என்ற யோசனை இங்கே சரிவராது.

எந்தப் பிரிவானாலும் மூன்று பாடங்கள் கட்டாயம். நோய் உடலில் எப்படி உருவாகிறது என்பது ஒன்று. உடல் பரிசோதனை இரண்டாவது. மருந்தியல் மூன்றாவது. வார்டில் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இந்த மூன்றும் கஷ்டம்தான் என்பதைச் சேரும் முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் எழுதிய மருந்தைச் சரியாகக் கொடுப்பது வேறு. எந்த மருந்து என்று நாமே முடிவெடுப்பது வேறு.

ஆன்லைனில் எது, நேரில் எது?

ஆன்லைனில் நடப்பது வகுப்பு. பேராசிரியரின் வீடியோ பாடத்தை உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம். விவாதப் பலகையில் வாரம் ஒருமுறையாவது எழுத வேண்டும். கட்டுரைகள் சமர்ப்பிக்க வேண்டும். தேர்வு எழுதும்போது கம்ப்யூட்டர் கேமரா வழியாக உங்களைக் கண்காணிப்பார்கள். நேரம் நம் கையில் இருந்தாலும் கடைசித் தேதி நம் கையில் இல்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்து தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்தாலும் ஞாயிறு நள்ளிரவுக்குள் அசைன்மென்ட் போயாக வேண்டும்.

நேரில் நடப்பவை இரண்டு. முதலாவது, கல்லூரிக்குச் சென்று சில நாள்கள் தங்கிப் படிப்பது. காயத்துக்குத் தையல் போடுவது, பெண்களுக்கான இடுப்புப் பகுதிப் பரிசோதனை, குழந்தையின் காதைப் பார்ப்பது போன்றவற்றை அங்கே ஆசிரியர் முன்னால் செய்து காட்ட வேண்டும். விமான டிக்கெட், தங்கும் செலவு, வேலையில் லீவு எல்லாம் உங்கள் பொறுப்பு. இந்த வருகையே இல்லாத படிப்புகளும் உண்டு.

இரண்டாவதுதான் முக்கியமானது. உண்மையான நோயாளிகளை நேரில் பார்க்கும் கிளினிக்கல் பயிற்சி. இதற்கு ஆன்லைன் மாற்று கிடையாது. எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது.

750 மணி நேரக் கணக்கு

அமெரிக்காவின் நர்ஸ் பிராக்டிஷனர் கல்விக்கான தேசியத் தரநிலைகள் 2022-ல் திருத்தப்பட்டன. அதன்படி ஒவ்வொரு மாணவரும் குறைந்தபட்சம் 750 மணி நேரம் நோயாளிகளை நேரடியாகப் பார்த்துப் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு முன்பு இது 500 மணி நேரமாக இருந்தது. பொம்மையை வைத்துச் செய்யும் பயிற்சி இந்தக் கணக்கில் வராது. டி.என்.பி. படித்தால் மொத்தப் பயிற்சி நேரம் இன்னும் அதிகம்.

750 மணி நேரம் என்றால் என்ன என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், 12 மணி நேரம் என்று போனால் 62 வாரங்களைத் தாண்டும். அதாவது ஒரு வருடத்துக்கும் மேல். வாரம் இரண்டு நாள், மொத்தம் 16 மணி நேரம் என்றால் 47 வாரங்கள். வாரம் மூன்று நாள், 24 மணி நேரம் என்றால் 31 வாரங்களை ஒட்டி முடியும்.

இப்போது ஹூஸ்டன் நர்ஸுக்கு வருவோம். அவர் ஏற்கெனவே வாரத்துக்கு 36 மணி நேரம் இரவு வேலை பார்க்கிறார். கிளினிக்குகள் பகலில்தான் திறந்திருக்கும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேரே கிளினிக்கல் போவது ஆபத்து. தூக்கமில்லாமல் நோயாளியைப் பார்ப்பது யாருக்கும் நல்லதில்லை. ஆக, டியூட்டி இல்லாத நான்கு நாள்களில் இரண்டு நாள் கிளினிக், ஒரு நாள் படிப்பு, ஒரு நாள் வீடு என்று ஒரு வருடம் ஓட்ட வேண்டும். பலர் இந்தக் கட்டத்தில் முழுநேர வேலையைப் பகுதிநேரமாக மாற்றிக்கொள்கிறார்கள். சம்பளம் குறையும். சில இடங்களில் மருத்துவக் காப்பீடும் போய்விடும். ‘வேலையை விடாமல் படிக்கலாம்’ என்ற வாக்கியம் வகுப்புக் காலத்துக்குப் பொருந்தும். கிளினிக்கல் காலத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘பிரிசெப்டர்’ யார் தேடணும்?

இங்கேதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கிளினிக்கில் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொடுப்பவருக்குப் பெயர் பிரிசெப்டர். அவர் ஒரு நர்ஸ் பிராக்டிஷனராகவோ டாக்டராகவோ இருப்பார். ஒருவர் போதாது. குடும்ப நலப் பிரிவு என்றால் பெரியவர்களைப் பார்க்கும் இடம், குழந்தைகளைப் பார்க்கும் இடம், பெண்கள் நலம் என்று தனித்தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும்.

சில பல்கலைக்கழகங்கள் பிரிசெப்டரைத் தாங்களே ஏற்பாடு செய்து தருகின்றன. சில, ‘உதவி செய்வோம்’ என்று மட்டும் சொல்கின்றன. இன்னும் சில, ‘நீங்களே தேடிக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடுகின்றன. மாணவர்கள் கிளினிக் கிளினிக்காக போன் போட்டு, மெயில் அனுப்பி, தெரிந்த டாக்டரிடம் கெஞ்சிக் கேட்கும் நிலைமை. ஏற்கெனவே உள்ளூர்க் கல்லூரி மாணவர்களும் மருத்துவ மாணவர்களும் அதே கிளினிக்குகளில் இடம் பிடித்திருப்பார்கள். குழந்தைகள் நலத்துக்கும் பெண்கள் நலத்துக்கும் இடம் கிடைப்பது இன்னும் சிரமம்.

இதை வைத்தே ஒரு வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. ‘பிரிசெப்டர் பிடித்துத் தருகிறோம்’ என்று ஆயிரக்கணக்கான டாலர் வாங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கல்விக் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று சேர்ந்தவர்கள், கடைசியில் இந்த வழியில் செலவழிக்கிறார்கள். பிரிசெப்டர் கிடைக்கவில்லை என்றால் அந்த செமஸ்டரே தள்ளிப்போகும். எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆகியிருப்பார். பட்டம் மட்டும் வராது. கடன் வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

மாநிலம் மாறினால் என்ன ஆகும்?

ஆன்லைன் படிப்பு என்றால் எந்த ஊரில் இருந்தாலும் படிக்கலாம் என்று நினைப்போம். நர்சிங்கில் அப்படியில்லை. கிளினிக்கல் பயிற்சி எடுக்கும் மாநிலத்தின் ஆர்.என். லைசென்ஸ் உங்களிடம் இருக்க வேண்டும். ஒரே லைசென்ஸில் பல மாநிலங்களில் வேலை செய்ய வழிசெய்யும் நர்ஸ் லைசென்ஸ் ஒப்பந்தத்தில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. டெக்சாஸ் அதில் உண்டு. கலிஃபோர்னியா இல்லை. அந்த ஒப்பந்தமும் ஆர்.என். லைசென்ஸுக்கு மட்டும்தான். நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸை ஒவ்வொரு மாநிலத்திலும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

அதுபோக, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எந்தெந்த மாநிலத்தில் வசிப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். தங்கள் படிப்பு எந்தெந்த மாநிலத்தின் லைசென்ஸ் விதிகளுக்குப் பொருந்தும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க அரசு விதி. படிப்பின் நடுவில் கணவர் அல்லது மனைவியின் வேலைக்காக வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், புது மாநிலம் அந்தப் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் படிப்பு நின்றுபோகலாம். ஐ.டி. வேலைக்காக அடிக்கடி ஊர் மாறும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனிப்பது அவசியம்.

எவ்வளவு செலவாகும்?

கட்டணம் கிரெடிட் கணக்கில் வரும். எம்.எஸ்.என். படிப்புக்குப் பொதுவாக 40 முதல் 50 கிரெடிட். உதாரணத்துக்கு, ஒரு கிரெடிட் 700 டாலர் என்று வைத்துக்கொண்டால் 45 கிரெடிட்டுக்கு 31,500 டாலர். கிரெடிட்டுக்கு 1,400 டாலர் வாங்கும் இடமாக இருந்தால் இது 63,000 டாலராகிவிடும். தொழில்நுட்பக் கட்டணம், கிளினிக்கல் கட்டணம், பின்னணிச் சரிபார்ப்பு, தடுப்பூசிகள், கல்லூரிக்குப் போய்வரும் பயணம் எல்லாம் தனி.

பணத்துக்கு என்ன வழி? முதலில் உங்கள் மருத்துவமனையிடம் கேளுங்கள். ஊழியரின் கல்விக்கு நிறுவனம் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை கொடுத்தால் அதற்கு வருமான வரி கிடையாது. அதனால் பல மருத்துவமனைகள் இந்த உதவியைத் தருகின்றன. பதிலுக்கு, படித்து முடித்த பிறகு இத்தனை வருடம் எங்களிடமே வேலை பார்க்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கலாம். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

அமெரிக்க அரசின் கல்விக் கடன், குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான் கிடைக்கும். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. 2025-ல் நிறைவேறிய சட்டம் இந்தக் கடன் முறையையும் மாற்றியிருக்கிறது. படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் வாங்க உதவிய ‘கிராட் பிளஸ்’ திட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்குக் கிடையாது. முதுநிலைப் படிப்புக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தமாக ஒரு லட்சம் டாலர் என்ற உச்சவரம்பும் வருகிறது. இதைவிட அதிக வரம்பு கொண்ட ‘தொழில்முறைப் படிப்பு’ வகையில் நர்சிங்கைச் சேர்க்காமல் அமெரிக்கக் கல்வித்துறை 2025-ல் வரைவு தயாரித்தபோது, நர்சிங் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன.

படிச்சு முடிச்சா வேலை, சம்பளம்?

பட்டம் கிடைத்தவுடன் வேலை செய்துவிட முடியாது. தேசிய அளவிலான சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும். குடும்ப நலப் பிரிவுக்கு ஏ.என்.சி.சி., ஏ.ஏ.என்.பி.சி.பி. என்ற இரண்டு அமைப்புகள் தேர்வு நடத்துகின்றன. ஒன்றில் தேறினால் போதும். அந்தச் சான்றிதழை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதன்பிறகு மாநில நர்சிங் வாரியத்திடம் லைசென்ஸ். பிறகு மருந்து எழுதும் அனுமதி.

இவ்வளவு பாடுபட்டுப் படிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, நர்ஸ் பிராக்டிஷனரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,29,210 டாலர். ஆர்.என். நர்ஸுக்கு 93,600 டாலர். வித்தியாசம் ஆண்டுக்கு சுமார் 35,600 டாலர். 2024 முதல் 2034-க்குள் இந்த வேலைவாய்ப்பு 40 சதவீதம் உயரும் என்றும் அதே துறை கணித்திருக்கிறது. ஆனால் இது நாடு முழுவதற்குமான கணக்கு. படிப்பவர்கள் குவிந்திருக்கும் பெரிய நகரங்களில் புதியவர்களுக்கு முதல் வேலை கிடைக்கத் தாமதமாகலாம்.

சரி, தமிழ்நாட்டில் இருந்துகொண்டே இதைப் படிக்க முடியுமா?

நேரடியான பதில்: நடைமுறையில் முடியாது. காரணங்கள் மூன்று.

முதலாவது, லைசென்ஸ். அமெரிக்க ஆர்.என். லைசென்ஸ் இல்லாமல் சேர்க்கை இல்லை. என்கிளெக்ஸ் தேர்வை இந்தியாவிலேயே எழுத முடியும் என்பதால் லைசென்ஸ் வாங்குவதுகூட ஒருவருக்குச் சாத்தியம்தான். ஆனால் கிளினிக்கல் பயிற்சிக்கு அது மட்டும் போதாது.

இரண்டாவது, பயிற்சி. 750 மணி நேரத்தை அமெரிக்காவில், அந்த நாட்டு லைசென்ஸ் பெற்ற பிரிசெப்டரிடம்தான் முடிக்க வேண்டும் என்பதே இந்தப் படிப்புகளின் வழக்கமான விதி. சென்னையில் பெரிய மருத்துவமனையில் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தாலும் அந்த நேரம் கணக்கில் சேராது.

மூன்றாவது, விசா. ‘படிப்பில் சேர்ந்தால் மாணவர் விசா கிடைக்கும்ல?’ என்று கேட்கலாம். முழு ஆன்லைன் படிப்புக்கு மாணவர் விசா கிடையாது. எஃப்-1 விசாவில் போனவர்களுக்கே, முழுநேரப் படிப்பு என்ற கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும்.

அப்படியானால் வழி? பல இந்திய நர்ஸ்கள் போகும் பாதை இது: இங்கே பி.எஸ்சி. நர்சிங், அனுபவம், சான்றிதழ் மதிப்பீடு, என்கிளெக்ஸ், ஆங்கிலத் தேர்வு, அமெரிக்க மருத்துவமனை மூலம் வேலைக்கான குடியேற்ற விசா. அங்கே போய் வேலையில் அமர்ந்த பிறகு இந்த ஆன்லைன் படிப்பு. இதிலும் ஒரு பெரிய முட்டுக்கட்டை, காத்திருப்பு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த விசாப் பிரிவில் 10 ஆண்டுகளுக்கும் மேலான வரிசை நிற்கிறது. ஏஜென்ட் யாராவது ‘ஆறு மாசத்துல அனுப்பிடுவோம்’ என்றால், எந்த விசா என்று கேளுங்கள்.

இந்தியாவில் இந்தப் படிப்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் தொலைதூர முறையில் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் வடிவமைத்த ‘தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர்’ என்ற 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, குறைந்தது ஓராண்டு கிளினிக்கல் அனுபவம் உள்ளவர்கள் சேரலாம். இது ரெசிடென்சி முறை. அதாவது மருத்துவமனையிலேயே வேலை பார்த்தபடி கற்றுக்கொள்வது. பெரும்பாலான நேரம் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில்தான். ஆனால் அமெரிக்காவைப் போல தனியாக கிளினிக் வைக்கும் உரிமை இதில் வராது. மருத்துவமனை வகுத்திருக்கும் நெறிமுறைக்கு உட்பட்டுத்தான் வேலை.

பிரசவம் பார்ப்பதற்கான ‘நர்ஸ் பிராக்டிஷனர் மிட்வைஃப்’ என்ற 18 மாதப் பயிற்சியை மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் கொண்டுவந்தது. அதுவும் நேரடிப் பயிற்சிதான்.

தொலைதூர முறையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாத படிப்புகள் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியலோடு நர்சிங்கும் அதில் இருக்கிறது. அதனால் ‘ஆன்லைன் எம்.எஸ்சி. நர்சிங், நர்ஸ் பிராக்டிஷனர் பட்டம்’ என்று இந்தியாவில் யாராவது விற்க வந்தால், பணத்தை வெளியே எடுக்கும் முன் யோசியுங்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் பட்டம் என்று சொன்னாலும், இங்கே நர்ஸாக அதைப் பதிவு செய்ய முடியுமா என்பதை முடிவு செய்வது நர்சிங் கவுன்சில்தான்.

போலி பட்டம் வாங்கினால் என்ன ஆகும்?

2023 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் ‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்ற நடவடிக்கையை வெளியில் கொண்டுவந்தார்கள். தெற்கு ஃபுளோரிடாவில் இருந்த 3 நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் அதிகமான போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டிருந்தன. வகுப்பும் இல்லை, வார்டில் பயிற்சியும் இல்லை. 25 பேர் மீது வழக்கு பாய்ந்தது. அந்தச் சான்றிதழை வைத்துத் தேர்வு எழுதி சுமார் 2,400 பேர் தேறியும் விட்டார்கள் என்பதுதான் அதிர்ச்சி. பிறகு மாநில நர்சிங் வாரியங்கள் ஒவ்வொருவராகத் தேடி லைசென்ஸ்களை ரத்து செய்தன.

அது நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இல்லை, அதற்குக் கீழே இருக்கும் அடிப்படை நர்சிங் படிப்பு. ஆனால் பாடம் ஒன்றுதான். தேர்வில் தேறுவது மட்டுமே பயிற்சிக்கு ஈடாகாது. மருந்து எழுதப்போகும் ஒருவருக்கு நேரடிப் பயிற்சி ஏன் இவ்வளவு கட்டாயமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 8 கேள்விகள்

1. இந்தப் படிப்புக்கு சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., சி.என்.இ.ஏ. ஆகிய மூன்றில் ஒன்றின் அங்கீகாரம் இருக்கிறதா? பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் பொது அங்கீகாரம் மட்டும் போதாது. அந்தந்த அமைப்பின் இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பாருங்கள்.

2. நான் வசிக்கும் மாநிலத்திலிருந்து சேர முடியுமா? நடுவில் மாநிலம் மாறினால் என்ன ஆகும்?

3. பிரிசெப்டரை யார் ஏற்பாடு செய்வார்கள்? ‘உதவி செய்வோம்’ என்றால் என்ன உதவி? எழுத்தில் தர முடியுமா?

4. பிரிசெப்டர் கிடைக்காமல் தாமதமானால் அந்த செமஸ்டருக்குக் கட்டணம் கட்ட வேண்டுமா?

5. மொத்தக் கிளினிக்கல் நேரம் எவ்வளவு? எந்தெந்தத் துறையில்?

6. கல்லூரிக்கு எத்தனை முறை, எத்தனை நாள் வர வேண்டும்?

7. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? சான்றிதழ்த் தேர்வில் முதல் முயற்சியில் எத்தனை பேர் தேறினார்கள்?

8. எல்லாக் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? ஒவ்வோர் ஆண்டும் உயருமா?

இதில் மூன்றாவது கேள்விக்கு நேரடியான பதில் வரவில்லை என்றால், வேறு கல்லூரியைப் பார்ப்பது நல்லது. முடிந்தால் அங்கே படித்து முடித்த ஒருவரிடம் பேசிப் பாருங்கள். அட்மிஷன் ஆபீஸ் சொல்லாததை அவர் சொல்வார்.

கடைசியாக, உங்கள் ஊரிலேயே, நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே இப்போது நர்ஸ் பிராக்டிஷனராக இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். “இரண்டு வருஷம் கழிச்சு என்னை உங்ககிட்ட பயிற்சிக்குச் சேர்த்துப்பீங்களா?” அவர் சரி என்று சொல்லிவிட்டால், ஆன்லைன் படிப்பின் கஷ்டமான பகுதிக்கு இன்றைக்கே ஒரு வழி பிறந்துவிட்டது. விண்ணப்பத்தை அதற்கு அப்புறம் நிரப்பலாம்.